ஓர் அறையில் மட்டும் பேசப்படும் பாஷை

இந்த ஊரில் பால்காரன் காலையில் பால் புட்டிகளை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறான். வீட்டுக்காரர்கள் சாவகாசமாக எழுந்து வந்து எடுத்துக்கொள்கிறார்கள். நடுவில் தெருவில் போகிற எவனும் அதைத் தொடுவதில்லை. ஒரு சிட்டுக்குருவி மட்டும் தகட்டு மூடியைக் கொத்தி ஆடையைக் குடித்துவிட்டுப் பறக்கும். வந்த புதிதில் நான் ஜன்னலோரம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எவனாவது ஒருவன் புட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான் என்று எனக்கு ஓர் எதிர்பார்ப்பு. இதுவரை ஒருவனும் என்னைத் திருப்திப்படுத்தவில்லை.

ஆனால் இதே ஊரில், நான் ஆராய்ச்சி செய்யும் கலாசாலையில், கணக்கு யந்திரம் இருக்கும் கட்டடத்து மாடியில் ஓர் இரும்பு பீரோ இருக்கிறது. அதற்குப் பூட்டே கிடையாது. உள்ளே சின்னச் சின்னத் தகர டப்பிகளில், துளையிட்ட காகித நாடாச் சுருள்கள். ஒவ்வொரு சுருளும் ஒரு மனுஷன் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த கணக்கு வழி. வர்க்கமூலம் காண ஒன்று, வகுத்தல் செய்ய ஒன்று, விடையை வரிசையாக அச்சடிக்க ஒன்று. வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். யாரையும் கேட்க வேண்டாம். வாசலில் இருக்கும் பாலைத் தொடாதவர்கள், அடுத்தவன் மூளையைத் தாராளமாக எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். அதைக் கண்டு நான் அடைந்த அதிர்ச்சியையும், அந்த அதிர்ச்சியால் நான் பட்ட பாட்டையும்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. சங்கரன்கோவில் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். எம்.ஏ. படித்துவிட்டுக் கல்லூரி வேலைக்காக ஏறாத வாசல் இல்லை. கடைசியில் சொந்த ஊரே போதும் என்று உட்கார்ந்துவிட்டேன். சர்க்கார் உபகாரச் சம்பளம் ஒன்றுக்கு விளையாட்டாக மனுப் போட்டேன். அது கிடைத்துத் தொலைத்தது. இங்கிலாந்தின் வடக்கே, மழையும் புகையும் போட்டி போடும் ஒரு பஞ்சாலை நகரத்தில் வந்து விழுந்தேன். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட விஷயம், மண்ணால் போட்ட குளத்துக் கரைக்குள் தண்ணீர் எப்படிக் கசிகிறது என்பது. வருஷத்தில் பெரும்பகுதி குளத்தில் தண்ணீரே இல்லாத கரிசல்காட்டுக்காரனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று எங்கள் ஊரில் கேட்டிருப்பார்கள். இங்குள்ளவர்களுக்கு எங்கள் ஊரைத் தெரியாது, அதனால் யாரும் கேட்கவில்லை.

உபகாரச் சம்பளம் இரண்டு வருஷத்துக்கு. எனக்கும் கோமதிக்கும் கல்யாணமாகி அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. சங்கரன்கோவில் ஸ்டேஷனில் என்னை வழியனுப்பப் பள்ளிக்கூடமே வந்திருந்தது. மாலையும் எலுமிச்சம்பழமுமாக நான் நிறைந்து வழிந்துகொண்டிருந்தபோது, கோமதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரயில் ஜன்னலுக்கு வந்தாள். கண்ணீர் வடிக்கப் போகிறாள் என்று நினைத்து முகத்தை அதற்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொண்டேன்.

"அத்தான், ரெண்டு வருஷம்னா ரெண்டு வருஷந்தான். அதுக்கு மேல இழுத்தியன்னா நான் மேலநீலிதநல்லூருக்கு எங்க அய்யா வீட்டுக்குப் போயிருவேன். பெறகு நீங்க அங்கனயே இருந்துக்கிடுங்க."

"ரெண்டு வருஷம் எதுக்கு? அதுக்கு முன்னாலயே முடிச்சிட்டு வந்திருவேன்" என்றேன். வண்டி புறப்படுகிற நேரத்தில் ஆண்கள் சொல்வதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் கோமதி எடுத்துக்கொள்கிறவள் என்பதும், அவளை விட்டு அதற்கு மேல் ஒரு நாள் இருக்க எனக்கும் மனமில்லை என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

இங்கே வந்த முதல் வாரமே பேராசிரியர் என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டு வேலையை விளக்கினார். கரையின் குறுக்குவெட்டைத் தாளில் வரைந்து கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் ஓர் எண். அது அந்த இடத்தில் தண்ணீருக்கு எவ்வளவு அழுத்தம் என்று சொல்லும். அந்த எண் தன்னைச் சுற்றியுள்ள நான்கு எண்களின் சராசரியாக இருக்க வேண்டும். ஒன்றைத் திருத்தினால் பக்கத்தில் இருப்பது கெடும், அதைத் திருத்தினால் முதலாவது கெடும். கூட்டுக் குடும்பத்து மருமகள் மாதிரி எல்லாரும் சமாதானமாகும் வரை திரும்பத் திரும்பச் சரி செய்துகொண்டே போக வேண்டும்.

இதற்கு மூன்று வழி என்றார் பேராசிரியர். முதல் வழி, பென்சிலும் ரப்பரும். எந்த ஊரிலும் செய்யலாம், ஆனால் ஆயுசு போய்விடும். இரண்டாவது, கணக்கு யந்திரத்திடம் அதன் சொந்த பாஷையிலேயே சொல்வது. மூன்றாவது, ஆட்டோகோட் என்று புதிதாக ஒரு பாஷை செய்திருக்கிறார்கள், அதில் சொல்வது. பள்ளிக்கூடத்து அல்ஜீப்ரா மாதிரி 'வி ஒன்று சமம் வி இரண்டு கூட்டல் வி மூன்று' என்று எழுதினால் போதும். யந்திரமே அதைத் தன் பாஷைக்கு மாற்றிக்கொள்ளும்.

யந்திரத்தின் சொந்த பாஷையோ பிராண சங்கடம். அதில் முப்பத்திரண்டு குறிகள். எழுத்து உண்டு, சாய்கோடு உண்டு, தபாலாபீஸ் தந்தி மிஷினில் இருக்கும் சில வேண்டாத புள்ளிகளும் உண்டு. எண்களைப் பின்னாலிருந்து முன்னால் எழுத வேண்டும். இத்தனை ஆர்ப்பாட்டம் செய்கிற அந்த யந்திரத்துக்கு வகுத்தல் தெரியாது. கூட்டும், கழிக்கும், பெருக்கும். வகுக்க வேண்டுமென்றால் எப்படி வகுப்பது என்று நாம்தான் ஒவ்வொரு அடியாகச் சொல்லித் தர வேண்டும்.

யந்திர அறைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் புத்தி சொல்கிற பொறுப்பு மிஸ் ஹார்ட்லி என்ற அம்மாளுடையது. நாற்பது வயதிருக்கும். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அவள் என்னை அந்தப் பீரோவிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

"நீங்கள் புதியவர். ஆட்டோகோட்டில் ஆரம்பியுங்கள். யந்திர பாஷைதான் வேண்டுமென்றால் வகுத்தலுக்கும் அச்சடிப்பதற்கும் இதிலிருந்து நாடா எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சோதித்துப் பார்த்தவை."

"எஸ், மிஸ் ஹார்ட்லி" என்றேன்.

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் ஒன்று சொன்னால் 'ஆகட்டும்' என்போம். நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, உங்கள் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அதன்படி செய்வதா வேண்டாமா என்பது பிறகு வீட்டில் போய் யோசிக்க வேண்டிய விஷயம். இந்தச் சீமையில் 'எஸ்' என்றால் எஸ்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

வீட்டில் போய் யோசித்தேன். ஆட்டோகோட் வேண்டாம் என்று உடனே தீர்மானமாயிற்று. எளிதாக இருப்பதைப் படிப்பதற்கா கடல் கடந்து வந்தேன்? தவிர, யந்திரத்தின் பாஷையைப் பற்றி எனக்கு ஒரு ரகசியமான கர்வம் வந்துவிட்டது. அந்த யந்திரம் எண்களைப் பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி என்றுதான் அறியும். அரை, கால், அரைக்கால், மாகாணி என்று வாய்ப்பாடு ஒப்பித்து வளர்ந்தவன் நான். அதைத் தவறாக ஒப்பித்ததற்காகத் தொடையில் வாங்கிய கிள்ளல்களின் நினைவு இன்னும் இருக்கிறது. கோடிக்கணக்கில் செலவழித்து வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது எங்கள் ஊர்க் கீழ்வாய் இலக்கத்தைத்தானே என்று நினைத்தபோது, அந்த யந்திரம் எனக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் மாதிரி தோன்றிவிட்டது.

பீரோவில் கை வைப்பது பற்றி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்தில் பரீட்சை ஹால் மேற்பார்வைக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. பையன்கள் எனக்கு வைத்திருந்த பெயர் சி.ஐ.டி. சார். சட்டைக் கைமடிப்பு, கால்சட்டைப் பை, மைக்கூட்டின் அடி என்று காப்பி ஒளிந்திருக்கும் இடமெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு சமயம் குருவிகுளத்துப் பையன் ஒருவன் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதும்போது பிடித்து வெளியே அனுப்பிவிட்டேன். மறுநாள் அவன் தகப்பனார், பருத்திக்காடு வைத்திருந்த சம்சாரி, தலைத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"சார்வாள், பய பாத்துத்தான எழுதினான், பறிச்சா எழுதினான்? இவன் பாத்ததுனால அந்தப் பய தாளுல எழுத்து கொறஞ்சா போச்சி?"

அவருக்கு நேர்மையைப் பற்றி நீண்ட பிரசங்கம் செய்து அனுப்பினேன். மனுஷர் கடைசிவரை விழித்துக்கொண்டே நின்றார். அப்படிப்பட்ட நான், சீமைக்கு வந்து, பூட்டில்லாத பீரோவிலிருந்து எவனோ போட்ட வகுத்தலை எடுத்து என் கணக்கில் ஒட்டுவதா? வகுத்தலும் நானே எழுதுவேன், அச்சடிப்பதும் நானே எழுதுவேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இந்த விஷயத்தில் எனக்கு ஓர் ஆதரவாளரும் கிடைத்தார். கடையநல்லூர் காதர் அண்ணாச்சி. சிங்கப்பூர் போய், அங்கிருந்து கப்பலில் இங்கே வந்து, ஒரு நூல் மில்லில் வேலை பார்த்துவந்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் அறையில்தான் எனக்குச் சோறு. யந்திரத்தின் எண்களைப் பின்னாலிருந்து எழுத வேண்டும் என்று நான் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நாங்க ஓதுத அரபி எழுத்து மாதிரி வலப்பக்கம் இருந்தா வருது? அப்பம் அது நம்ம பக்கத்து மிசினுல்லா வே!"

பீரோ விஷயத்தையும் சொன்னேன்.

"தொடாதேயும் வே, வாத்தியாரே. இன்னிக்கு எடுத்துக்கிடச் சொல்லுவான். நாளைக்கு ஒம்ம கணக்குப் பூராவும் எம் புண்ணியத்துலதான் வந்துதும்பான். நீரே போடும், மெதுவா வந்தா வரட்டும்."

இதைவிடத் தவறான யோசனையை இத்தனை ருசியான மீன் குழம்போடு யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த வருஷமும் அடுத்த வருஷத்தில் பாதியும் இப்படிப் போயிற்று. யந்திரத்தில் எனக்கு ஒதுக்கிய நேரம் செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணி. செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை வரை என்ன காலம் என்று இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணக்கு எம்.ஏ. படித்தவன் ராகுகாலம் பார்க்கலாமா என்று என்னை நானே அதட்டிக்கொள்வேன். பிறகு, சங்கரன்கோவிலில் அப்போது பொழுது சாய்ந்து ராகு எப்போதோ போயிருப்பான் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். எந்த ஊர் ராகுவை நம்பினாலும் விடை என்னவோ ஒன்றுதான். நாடாவைப் போட்டதும் யந்திரம் கொஞ்ச நேரம் முணுமுணுக்கும். பிறகு அதில் இருக்கும் ஊதல் ஓங்கி ஒலிக்கும், நின்றுவிடும். நான் நாடாவைச் சுருட்டிக்கொண்டு, அடுத்த ஆளுக்கு வழிவிட்டு, அசட்டுச் சிரிப்போடு வெளியே வருவேன்.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை யந்திரம் நிற்காமல் ஓடி, தாள் நிறைய எண்களை அடித்துத் தள்ளியது. நான் அறையைவிட்டுக் கிட்டத்தட்டக் குதித்துக்கொண்டே வந்தேன். மிஸ் ஹார்ட்லி தாளை வாங்கிப் பார்த்தாள். கொண்டையிலிருந்து பென்சிலை உருவிச் சில எண்களை வட்டமிட்டாள்.

"சுவாரசியமான கரை. உங்கள் ஊரில் தண்ணீர் கீழிருந்து மேலே போகுமா?"

என் கணக்குப்படி, குளத்தில் நிற்கும் தண்ணீர் கரைக்குள் புகுந்து, குளத்து நீர்மட்டத்தைவிட உயரமாக ஏறி, கரை உச்சிக்கு அருகில் வெளியே வந்துகொண்டிருந்தது. எங்கள் சீமையில் இந்த மாதிரி ஒரு கரை மட்டும் இருந்திருந்தால் மழையே வேண்டியிருக்காது.

மிஸ் ஹார்ட்லி நல்லவள். தன் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு என் தாள்களை வாங்கிக்கொண்டு போய்ப் பிழையைத் தேடினாள். கட்டங்களைப் பார்த்தாள், விளிம்புகளைப் பார்த்தாள், நாடாவைத் துளை துளையாகப் பார்த்தாள். கிடைக்கவில்லை. வகுத்தல் பகுதியை மட்டும் அவள் பார்க்கவில்லை. அதைப் பீரோவிலிருந்து எடுத்துக்கொள்வதாகத்தான் நான் 'எஸ்' சொல்லியிருந்தேனே! பல நாள் கழித்து, தற்செயலாக அந்தப் பகுதியைப் புரட்டியவள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"இது எங்கள் வகுத்தல் இல்லையே?"

"இல்லை. நானே எழுதியது."

"கழித்தல் குறி வரும் இடத்தில் தப்பு. அது கிடக்கட்டும், ஏன் நீங்களே எழுதினீர்கள்? எங்களுடையதில் ஏதாவது பிழை கண்டீர்களா?"

"இல்லை, இல்லை. அது வேறொருவர் எழுதியது. நான் எடுத்தால் அது..." காப்பி அடிப்பது என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொன்னாலும் அவளுக்குப் புரியவில்லை. அதனால் பரீட்சை ஹால், மைக்கூடு, குருவிகுளத்துப் பையன் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்காமல் கேட்டாள். அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

"மிஸ்டர் நாராயணன், அந்த வகுத்தலை எழுதியது நான். பிறர் எடுத்துக்கொள்ளத்தான் எழுதினேன். நீங்கள் எடுத்தால் என்னிடம் இருப்பது ஒன்றும் குறைந்துவிடாது."

குருவிகுளத்துச் சம்சாரி தலைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட அதே நியாயத்தைக் கொண்டையில் பென்சில் செருகிய வெள்ளைக்காரி சொல்கிறாள். இரண்டு பேருக்கும் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்பதுகூடப் பெரிதாகப் படவில்லை. இத்தனை மாதத்தையும் கோமதிக்கு வாக்குக் கொடுத்த இரண்டு வருஷக் கணக்கிலிருந்து எடுத்துச் செலவழித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் மனதில் தைத்தது.

அன்றே ஆட்டோகோட் படிக்க ஆரம்பித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது எளிதாக இருந்தது. அதற்காகவே அதன்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஒன்றரை வருஷத்தில் சொல்ல முடியாததை ஒரு பக்கத்தில் சொல்லிவிட்டால், அந்த ஒன்றரை வருஷத்துக்கு என்ன மரியாதை? கொஞ்சமாவது மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, பாதியை யந்திர பாஷையிலும் பாதியை ஆட்டோகோட்டிலும் எழுதப் பார்த்தேன். எங்கள் ஊர்ச் சாமியும் பாதிச் சிவன், பாதிப் பெருமாள்தானே என்று தெம்பு. கோயிலில் சரிப்பட்டது யந்திரத்தில் சரிப்படவில்லை. முழுக்க ஆட்டோகோட்டில் எழுதி, பீரோவிலிருந்தும் ஒரு நாடாவை எடுத்தேன். எடுக்கும்போது திரும்பிப் பார்த்துக்கொண்டேன். யாரும் பிடிக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை, அதே ராகுகாலத்தில், தண்ணீர் ஒழுங்காகக் கீழ்நோக்கி இறங்கியது.

பேராசிரியருக்குப் பரம சந்தோஷம். ஆனால் பாடப்புத்தகத்துக் கரையை வைத்துப் பட்டம் வாங்க முடியாது. என் ஊர்ப் பக்கத்து உண்மையான கரை ஒன்றை அளந்து வந்து இதே முறையில் போட வேண்டும், அதற்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்றார். அளந்து வருவதற்குப் போக வரக் கப்பல் செலவையும் வாங்கித் தந்தார். நான் நடந்ததை மறைக்காமல் கோமதிக்கு எழுதினேன். வருகிறேன், ஆனால் திரும்ப வேண்டும், ஒரு வருஷம் கூட ஆகும் என்று. பதிலில் அம்மாவின் மூட்டுவலி, கிணற்றுத் தண்ணீர், சித்திரைத் திருவிழாக் கூட்டம் எல்லாம் இருந்தன. நான் எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஊருக்குப் போய் இறங்கினால், கடைக்காரன் நயா பைசா என்கிறான். நான் இல்லாத நேரம் பார்த்து அணாவை எடுத்துவிட்டார்கள். பாதி, கால், அரைக்கால் என்று நான் சொந்தம் கொண்டாடிய கணக்கு சீமை யந்திரத்தில் இருக்கிறது, சங்கரன்கோவில் கடைத்தெருவில் இல்லை. சில்லறையை எண்ணத் தெரியாமல் விழித்த என்னைப் பார்த்துக் கடைக்காரன், "வெளியூரா?" என்று கேட்டான்.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் விடவில்லை. மாணவர்களைக் கூட்டி உட்காரவைத்துவிட்டார்.

"சீமையில புது பாஷை படிச்சிருக்கேருன்னு பேச்சு. எங்க, நாலு வார்த்தை பேசும் பாப்போம்."

"அது பேசுத பாஷை இல்ல சார், எழுதுதது" என்று கரும்பலகையில் நாலு வரி எழுதிக் காட்டினேன். அல்ஜீப்ராதானே என்று பையன்களின் முகம் விழுந்துவிட்டது.

"இது எத்தனை பேருக்குப் புரியும் வே?"

"மனுசங்க கொஞ்சம் பேரு இருக்காங்க. மிசினு, அந்த ஒண்ணுதான். அந்த அறையில இருக்கு."

"அதைக் கழிச்சுப் போட்டுட்டு வேற மிசினு வாங்கினான்னா?"

"அதுக்கு வேற பாஷை படிக்கணும்."

"சரியாப் போச்சு. நீரு இங்கன வந்து ஏழாங்கிளாசுக்குக் கணக்கு எடுக்கும்போது இத யாருகிட்டப் பேசுவீரு?"

பையன்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி வீட்டுக்கு என் கூடவே வந்தது. யந்திரம் மேல் எனக்குப் பாசம் வந்துவிட்டது என்பதை அதுவரை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. நாம் எழுதியதை அப்படியே, வார்த்தை பிசகாமல் கேட்டு நடக்கும் ஒரு பிராணி உலகத்தில் இருக்கிறது என்று கண்டவனுக்கு, ஏழாம் வகுப்புப் பையன்களிடம் திரும்பிப் போவது கொஞ்சம் சிரமம். கோமதியிடம் இதை எப்படிச் சொல்வது?

இளையரசனேந்தல் பக்கம் ஒரு கண்மாய்க் கரையைத் தேர்ந்தெடுத்து அளந்தேன். சங்கிலியும் அளவுகோலுமாக நான் ஏறி இறங்குவதைப் பார்த்த ஊர்க்காரர்கள், சர்க்கார் தூர் வாரப் போகிறது என்று நினைத்து எனக்கு மோர் கொடுத்தார்கள். மண்ணை டப்பிகளில் அடைத்துக்கொண்டேன். வீட்டுப் பட்டாசல் கூடத்தில் பெரிய தாளை விரித்துக் கரையை வரைந்து, கட்டம் போட்டு, எண்களைத் தோராயமாக நிரப்பி, சும்மா பொழுதுபோக்காகப் பென்சிலால் திருத்த ஆரம்பித்தேன். கோமதி மத்தியான வேலையை முடித்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். நான் வந்த நாளிலிருந்து அந்த ஒரு வருஷத்தைப் பற்றி அவள் பேசவே இல்லை.

"என்னத்தப் போட்டு இம்புட்டு அழிச்சு அழிச்சு எழுதுதிய?"

சொன்னேன். சுற்றியுள்ள நாலையும் கூட்டி நாலால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான் என்று.

"இதுக்கா சீமைக்குப் போனிய?" என்று பென்சிலை வாங்கிக்கொண்டாள். அவள் பள்ளி இறுதி வரை படித்தவள். வேகமாகத்தான் போட்டாள், நடுநடுவே பிழையும் விட்டாள். நான் சுட்டிக்காட்டினால், "நீங்க பேசிக்கிட்டே இருந்தா தப்புத்தான் வரும்" என்று என் தலையில் போட்டாள். கட்டில்மேல் படுத்திருந்த அம்மா, புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து தாயம் விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். தினமும் மத்தியானம் இப்படி ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் காலையிலிருந்து காத்திருக்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் கோமதி நிமிராமல் கேட்டாள். "அந்த மிசினு இத எம்புட்டு நேரத்துல போடும்?"

"நீ கை கழுவிட்டு வாரதுக்குள்ள போட்டு முடிச்சிரும்."

"நான் போட்டா?"

"இப்பிடியே போனா ஆவணி தாண்டும்."

அவள் கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டிருந்தாள். பிறகு பென்சிலை நிறுத்தினாள். "அப்பம் இன்னும் மெதுவாப் போடுதேன். முடியிதது வரைக்கும் இருப்பியள்லா?"

யந்திரத்துக்கும் தலைமையாசிரியருக்கும் பதில் சொல்லத் தெரிந்த நான், இதற்கு ரப்பரை எடுத்துச் சரியாக இருந்த ஓர் எண்ணை அழித்தேன்.

கப்பல் தேதி ஆவணிக்குக் காத்திருக்கவில்லை. புறப்படுகிற அன்று, அளவுகள் எழுதிய நோட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு அந்தத் தாளையும் மடித்தேன். கோமதி வந்து அதை வாங்கிப் பிரித்தாள். நடுவில் ஒரு மடிப்பு வைத்து, நகத்தால் நீவி, கத்தரிக்கோலால் நேராக வெட்டினாள். தண்ணீர் நிற்கும் பக்கத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மற்றப் பக்கத்தை என்னிடம் நீட்டினாள்.

"இது எனக்கு. நான் மேலநீலிதநல்லூருக்குப் போகல. இங்கனதான் இருப்பேன். வந்து வாங்கிக்கிடுங்க."

இங்கே வந்ததும் அளவுகளை ஆட்டோகோட்டில் எழுதி யந்திரத்திடம் கொடுத்தேன். முழுக் கரைக்கும் சில நிமிஷத்தில் விடை வந்துவிட்டது. பேராசிரியர் மேஜையில் அது இருக்கிறது. அடுத்த வருஷம் இந்த யந்திரத்தை எடுத்துவிட்டுப் புதியது வைக்கப் போகிறார்களாம். அதன் பாஷையைப் படித்துக்கொண்டு இங்கேயே உத்தியோகத்தில் இருந்துவிடலாமே என்று அவர் கேட்டிருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இந்தத் தடவை நிஜமாகவே யோசிக்கிறேன், ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

கோமதி கொடுத்த பாதித் தாள் என் அறைச் சுவரில் இருக்கிறது. யந்திரத்தைக் கேட்காமல் நானே பென்சிலும் ரப்பருமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். உள்ளே இருக்கும் எண்கள் ஒவ்வொன்றாகச் சமாதானமாகி வருகின்றன. கத்தரித்த ஓரத்தில் உள்ள புள்ளிகளை மட்டும் சரி செய்ய முடியவில்லை. அவற்றின் பக்கத்து எண்கள் சங்கரன்கோவிலில் இருக்கின்றன.